யுஎஸ்பி-சி டாக்கில் மானிட்டர் மட்டும் வரவில்லையா?

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். இரண்டு மானிட்டர் வைத்து வேலை பார்க்க, ஒரே கேபிளில் பல சாதனங்களை இணைக்கும் யுஎஸ்பி-சி டாக் ஒன்று வாங்கினேன். கீபோர்டு, மவுஸ், நெட் கேபிள் எல்லாம் செருகியவுடன் வேலை செய்கின்றன. மானிட்டர்கள் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்கின்றன. அதே டாக் நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் குறையில்லாமல் ஓடுகிறது. லினக்ஸுக்கும் டாக்குக்கும் ஒத்துவராதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் கெடு என்று முதலில் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகளை அதற்குள் முடித்துவிடலாம். அரை மணி நேரம் போதும். லினக்ஸில் டாக் நன்றாகவே ஓடும். கீபோர்டு, மவுஸ், நெட் இவற்றுக்கான டிரைவர் பெரும்பாலும் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது, அதனால்தான் அவை உடனே வந்தன. தகராறு படத்தில்தான். படம் எந்த வழியாக வருகிறது என்பது டாக்குக்கு டாக் மாறும்.

யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். அதன் வழியே படம் மூன்று விதமாகப் போகலாம். முதலாவது ‘ஆல்ட் மோட்’: லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் தரும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அப்படியே கேபிளில் இறங்கும். தனி டிரைவர் வேண்டாம். இரண்டாவது தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4: படத்தையும் டேட்டாவையும் ஒன்றாக அதிவேகத்தில் கொண்டுபோகும். மூன்றாவது டிஸ்ப்ளேலிங்க்: படத்தைச் சுருக்கி, பென் டிரைவுக்குக் கோப்பு அனுப்புவது போல வெறும் யுஎஸ்பி டேட்டாவாக அனுப்பி, டாக்கில் உள்ள சிப் அதை மறுபடி படமாக்கும். இதற்கு டிரைவர் கட்டாயம் வேண்டும். விண்டோஸ் அதை நெட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் நீங்கள்தான் போட வேண்டும்.

உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இந்த டிஸ்ப்ளேலிங்க் மேல்தான். டெர்மினலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ (lsusb) கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் டிஸ்ப்ளேலிங்க் என்ற பெயர் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். டாக்கோடு ஒட்டிய கேபிள் என்றால் கவலையில்லை. கழற்றக்கூடியது என்றால், நண்பர் வீட்டில் போட்டதும் இதே கேபிள்தானா? போன் சார்ஜருடன் வரும் சி கேபிள்களில் பல யுஎஸ்பி 2.0 மட்டுமே. அவற்றில் வேகமான இணைக் கம்பிகளே இருக்காது. மவுஸ் ஓடும், சார்ஜ் ஏறும், படம் வராது. நான் ஒருமுறை இரண்டு நாள் கெர்னலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். குற்றவாளி அப்படி ஒரு கேபிள். அதே எல்எஸ்யுஎஸ்பி கட்டளையுடன் ஒரு ஹைபனும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால் (lsusb -t) ஒவ்வொரு சாதனத்தின் வேகமும் தெரியும். டாக்கின் யுஎஸ்பி ஹப் 5000 என்றோ 10000 என்றோ எங்குமே காட்டாமல், எல்லாம் 480-லேயே நின்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேபிளும் சரி என்றால், உங்கள் லேப்டாப்பின் போர்ட். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் சி போர்ட் டேட்டாவுக்கு மட்டுமே. போர்ட் அருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று பாருங்கள். சின்னம் இல்லாமலும் வசதி இருக்கலாம். எனவே சி-யிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டரை யாரிடமாவது வாங்கி, டாக் இல்லாமல் நேரடியாக ஒரு மானிட்டரைச் செருகிப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. படம் வந்தால் ஆல்ட் மோட் இருக்கிறது.

சரி, டிஸ்ப்ளேலிங்க் என்றே தெரிந்துவிட்டது என்று வையுங்கள். 2020 முதல் அந்த நிறுவனம் சினாப்டிக்ஸ் வசம் இருக்கிறது. உபுண்டுவுக்கான டிரைவரை அவர்கள் தளத்திலேயே தருகிறார்கள். அதோடு ‘இவிடிஐ’ என்ற கெர்னல் மாட்யூல் வரும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: லேப்டாப்பில் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை மெஷின் எழும்போது ஒரு நீலத் திரை சுமார் 10 விநாடி மட்டும் நிற்கும். அதில் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ (Enroll MOK) தேர்ந்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். திரும்பிப் பார்ப்பதற்குள் திரை போய்விட்டால் மாட்யூல் ஏறாது, மானிட்டரும் வராது. டிரைவர் போட்டும் வரவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று, கெர்னல் புதுப்பிப்பு வரும்போது இந்த மாட்யூல் புதிதாகக் கட்டப்பட வேண்டும். சில சமயம் புதிய கெர்னலுக்கு அது உடனே ஒத்துவராது. அன்றைக்கு வேலை நிற்காமல் இருக்க, பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருங்கள். மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்து எழுப்பலாம். டிஸ்ப்ளேலிங்கில் படத்தைச் சுருக்கும் வேலை சிபியு தலையில் விழுகிறது. எழுத்து, கோட், பிரவுசருக்கு அது தாராளமாகப் போதும். விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே, அடாப்டர் சோதனையில் உங்கள் போர்ட்டில் ஆல்ட் மோட் இருப்பது தெரிந்தால் இந்த டாக்கைத் திருப்பிக் கொடுத்து, ஆல்ட் மோட் டாக் வாங்குங்கள். அதுதான் லினக்ஸில் தொல்லையில்லாத வழி. ஒரே கேபிளில் இரண்டு தனித்தனி மானிட்டர்களைப் பிரித்துத் தரும் எம்எஸ்டி வசதியை லினக்ஸ் பல வருடங்களாகவே கையாளுகிறது. போர்ட்டில் ஆல்ட் மோட் இல்லையென்றால் டிஸ்ப்ளேலிங்க்தான் கைகொடுக்கும், அப்போது இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் உங்கள் மானிட்டர் அளவை யோசியுங்கள். கேபிளில் நான்கு அதிவேகப் பாதைகள் உண்டு. டாக் வழக்கமாக இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் பிரிக்கும். இரண்டு 1080 மானிட்டர்களுக்கு இது போதும். ஒரே ஒரு 4கே மானிட்டர் என்றாலும், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவில் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். மவுஸ் அசைவதே கண்ணை உறுத்தும். 60 வேண்டுமென்றால் லேப்டாப், டாக் இரண்டும் 1.4 ஆக இருக்கட்டும். தண்டர்போல்ட் போர்ட் இருந்து பணமும் இருந்தால் அந்த வகை டாக்கே மேல். உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமில் செட்டிங்ஸிலோ ‘போல்ட்சிடிஎல்’ (boltctl) கட்டளையிலோ ஒருமுறை அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், டெல், லெனோவோ டாக்குகள் பலவற்றின் உள்ளே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை ‘எஃப்டபிள்யுஅப்டி’ (fwupd) என்ற கருவி மூலம் லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கலாம். ஸ்லீப்பிலிருந்து எழும்போது மானிட்டர் வராத கோளாறு அதில் சில சமயம் சரியாகிவிடும். உங்களுக்கு வேண்டிய மாடல் அந்தக் கருவி ஆதரிக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே தேடிப் பாருங்கள்.