மிஸ் பதில்கள்: இரண்டாவது கதவு

கேள்வி: வணக்கம் மிஸ். ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டில் படிக்க அரசு உதவித்தொகை பெறுவோரின் லோரியா பட்டியலில் என் பெயர் வரவில்லை, அதனால் இங்கேயே சேர்ந்தேன். பொருளாதாரம் பிடிக்காமல் இல்லை. ஆனால் அதோடு தத்துவமும் வரலாறும் படிக்க ஆசை. இங்கே சேரும்போதே ஒரே பாடத்தைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அமெரிக்காவில் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கவிடும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றுக்கு மாற்றலாகிப் போக முடியுமா? அப்பா பஸ் ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். "ரெதுயியில் படித்ததையே சொல்லாதே, புதுசாக முதலாண்டுக்கு எழுதிப் போடு" என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். அப்படிச் செய்யலாமா?
ஒரு வாசகி, கத்ர் போர்ன்

பதில்: தோழியை முதலில் கவனிப்போம். அவள் சொன்னதை மட்டும் செய்துவிடாதே. எச்.எஸ்.சி. முடித்தபின் ஒரு பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டால், பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளின் கணக்கில் நீ மாற்றல் மாணவிதான். எந்தக் கதவு வழியாக நுழைவது என்று நீ முடிவு செய்ய முடியாது. இதுவரை எங்கெங்கே படித்தாய் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள், சொன்னது அத்தனையும் உண்மை என்று கையெழுத்தும் வாங்குவார்கள். சேர்ந்து ஒரு வருடம் கழித்துத் தெரியவந்தாலும் இடம் போகும், அதோடு விசாவும் போகும். நம் தீவு சின்னது மகளே. காலையில் நீ கத்ர் போர்ன் சந்தையில் தக்காளி வாங்கினால் மாலைக்குள் ரோஸ் ஹில்லில் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருடப் படிப்பை எங்கே ஒளிப்பாய்?

சரி, அந்த இரண்டாவது கதவைப் பற்றிப் பேசுவோம். அது சின்னக் கதவு.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 மாணவர்கள் வரை படிக்கிற இடங்கள். முதலாண்டுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து எடுப்பார்கள். மாற்றலாக வருபவர்களுக்குக் கிடைப்பது, நடுவில் விட்டுப் போனவர்களின் இடம். விடுதியில் கட்டில் காலியாக வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு வருடம் தாராளமாக எடுக்கும் கல்லூரி அடுத்த வருடம் கையை இறுக்கிவிடலாம். அதில் உன் குறை எதுவும் இல்லை.

ஆனால் இடம் கிடைப்பதைவிடப் பெரிய கேள்வி பணம். பேர் பெற்ற கல்லூரிகளில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு 85,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் நாற்பது லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்குத் தருகிற கல்வி உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்தப் பை முதலில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத்தான் திறக்கும். ஆம்ஹர்ஸ்ட், பௌடன் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமலே தேர்ந்தெடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கின்றன. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதே. மாற்றலாக வருபவருக்கும் அது பொருந்துமா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதனால் கல்லூரியின் புல்வெளிப் படங்களைப் பார்த்து ஏங்குவதற்கு முன்னால், வெளிநாட்டு மாற்றல் மாணவருக்கு நிதி உதவி உண்டா என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத் தேடு. சில கல்லூரிகள் உண்டு என்று சொல்லும். சில, கொஞ்சம்தான் இருக்கிறது, உதவி கேட்பதையும் கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்வோம் என்று சொல்லும். சில, கிடையாது என்று நேராகவே எழுதியிருக்கும். அந்தக் கடைசி வகை எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் பக்கத்தை மூடிவிடு. உன் அப்பா தினமும் போர்ட் லூயி நெரிசலில் ஸ்டியரிங் பிடித்துச் சேர்த்த காசில் விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு, கிடைத்த இடத்துக்கும் போக முடியாமல் உட்கார்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. வரி தெளிவாக இல்லாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடு. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்றும் அதிலேயே கேள். சின்னக் கல்லூரி, ஆளே உட்கார்ந்து பதில் எழுதுவார். கிழக்குக் கரைக்கும் நமக்கும் எட்டு, ஒன்பது மணி நேர வித்தியாசம். அதனால் பதில் ராத்திரியில் வரும்.

அப்புறம் நீ படித்த பாடங்கள். இதில் என் கதையையே சொல்கிறேன்.

1993இல் நானும் இங்கே மேலாண்மைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஐயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளிக் கூப்பிட்டது, போனேன். கையில் பதினொரு பாடங்கள் முடித்த சான்றிதழ். அவர்கள் ஏற்றுக்கொண்டது ஐந்து. கணக்குப்பதிவு, சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம் எல்லாம் தள்ளுபடி. தொழில் சார்ந்த பாடங்களை இந்தக் கல்லூரிகள் பலவும் தங்கள் பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பதில்லை, அது எனக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பொருளாதாரம், கணிதம், புள்ளியியல் எல்லாம் சேரும். ஆனால் அதற்கும் பாடத்திட்டத் தாளைக் காட்ட வேண்டும்: என்ன படித்தோம், என்ன புத்தகம், எத்தனை மணி நேரம் என்று. நான் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. என் சித்தி மழையில் ரெதுயிக்கு மூன்று தடவை நடந்து, ஒவ்வொரு துறையாகக் கெஞ்சி, நகலெடுத்து ஃபேக்ஸ் அனுப்பினார். ஃபேக்ஸ் கட்டணத்துக்காக என்னை இன்றும் சொல்லிக்காட்டுவார். உன் பாடத்திட்டத் தாள்களை இன்றே ஒரு கோப்பில் சேர்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆம்ஹர்ஸ்டிலும் சுவார்த்மோரிலும் பட்டத்துக்கு 32 பாடங்கள், ஒரு பருவத்துக்கு நான்கு வீதம். இப்படிப்பட்ட கல்லூரிகள் பெரும்பாலும், அதில் பாதியையாவது எங்களிடம்தான் படிக்க வேண்டும், இரண்டு வருடமாவது இங்கே இருக்க வேண்டும் என்பார்கள். ஆக, நீ எவ்வளவு சேர்த்து வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் எடுபடாது. ரெதுயியில் மூன்றாம் வருடத்தையும் முடித்துவிட்டால் உன் கையில் பட்டமே இருக்கும். பட்டம் வாங்கியவரை மாற்றலாகச் சேர்க்கும் கல்லூரி அபூர்வம். அதனால் முயல்வதானால் இந்த வருடமே முயல வேண்டும்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே 70 வாங்கினால் முதல் வகுப்பு, வீட்டில் பாயசம். அமெரிக்காவில் 70 என்றால் சுமார்தான், 62 என்றால் பாஸ் ஆனதே பெரிது என்று நினைப்பார்கள். உன் சான்றிதழைப் பார்க்கிறவர் மொரீஷியஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் தேடுவார். அவருக்கு நம் அளவுகோல் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதே. பதிவாளர் அலுவலகத்தில் மதிப்பெண் அளவுகோல் விளக்கத்தையும் சேர்த்து முத்திரையிட்டுத் தரச் சொல். சில கல்லூரிகள், வெளிநாட்டுச் சான்றிதழ்களை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித்தரும் நிறுவனம் ஒன்றின் அறிக்கையைக் கேட்கும். அதற்குத் தனிக் கட்டணம், கேட்டால் மட்டும் செய். எச்.எஸ்.சி. முடிவுகளும் வேண்டும். அது கேம்பிரிட்ஜ் தேர்வு என்பதால் அங்கே விளங்கும், பிரின்சிபல் எனும் முதன்மைப் பாடங்களில் நல்ல கிரேடு இருந்தால் சில இடங்களில் அதற்கும் பாடக் கணக்குத் தருவார்கள்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு வம்பு. நம் விரிவுரையாளர்கள் பிரிட்டிஷ் பழக்கம். "இம்மாணவி ஒழுங்காக வகுப்புக்கு வந்தார், நடத்தை திருப்திகரமானது" என்று இரண்டு வரி, ஒரு கையெழுத்து. எனக்கு ஒருவர் அப்படித்தான் எழுதினார், நல்ல மனதோடுதான். அதை அமெரிக்காவில் படிக்கிறவர், இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். வேறொரு கடிதம் அனுப்பச் சொன்னார்கள். நூற்றைம்பது பேர் உட்காரும் அரங்கில் பாடம் எடுப்பவரிடம் போகாதே. டுட்டோரியல் என்ற சிறு குழு வகுப்பில் உன்னோடு வாதாடியவர் யார், உன் கட்டுரையில் சிவப்பு மையால் நிறையக் கிறுக்கியவர் யார், அவரிடம் போ. "சார், நான் தப்பாக வாதாடிய நாளையும் எழுதுங்கள்" என்று தைரியமாகச் சொல். அங்கே அப்படிப்பட்ட கடிதம்தான் எடுபடும்.

உன் கட்டுரையில் ரெதுயியைத் திட்டாதே. ஏன் மாற விரும்புகிறாய் என்று கேட்பார்கள். எனக்கு எழுதிய அதே காரணம் போதும்: பொருளாதாரத்தோடு தத்துவமும் வரலாறும் வேண்டும். எந்தக் கேள்வி உன்னை அந்தப் பக்கம் இழுத்தது என்று சொல். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து எந்த வரிசையில் வர வேண்டும் என்று 1998இல் இங்கே எழுந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? நீ பிறந்தே இருக்கமாட்டாய், அம்மாவைக் கேள். அது பொருளாதாரமா, வரலாறா, மொழியா? இப்படி ஒன்று உன்னிடமும் இருக்கும்.

தேதிகள்: ஆகஸ்ட் மாத இறுதியில் தொடங்கும் படிப்புக்குப் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் கெடு. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் மாற்றல் மாணவருக்குத் தனிப் பகுதி உண்டு. ரெதுயி அதிகாரி ஒருவர் நிரப்ப வேண்டிய படிவமும், நடப்புப் பருவத்தில் எப்படிப் படிக்கிறாய் என்று விரிவுரையாளர்கள் எழுதும் தாளும் கேட்பார்கள். நம் அலுவலகங்களில் அந்தப் படிவத்தை யாரும் பார்த்தே இருக்கமாட்டார்கள். ஜனவரியிலேயே கொண்டுபோய்க் கொடு, வாரம் ஒருமுறை போய்ச் சிரித்துவிட்டு வா.

இடமும் பணமும் கிடைத்தால் மீதி சுலபம். விசாவுக்கு வேண்டிய ஐ-20 என்ற தாளைக் கல்லூரி அனுப்பும். முதல் வருடச் செலவில் கல்லூரி தராத பங்குக்கு வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் செவிஸ் அமைப்பின் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர், போர்ட் லூயியில் நேர்காணல். படித்துவிட்டு ஊருக்குத் திரும்புவாயா என்பதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். படிக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவினேன். கைச்செலவுக்கு ஆகும். கட்டணத்துக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நான் உன் இடத்தில் இருந்தால் உதவி உண்டு என்று எழுத்தில் சொல்லும் நான்கைந்து கல்லூரிகளுக்கு மட்டும் போடுவேன், இங்கே ஒரு வகுப்பையும் விடமாட்டேன். ரெதுயியில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. அது நடந்துகொண்டே இருக்கட்டும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் பட்டத்தோடு வெளியே வருவாய், முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் சில இடங்களில் மூன்று வருடப் பட்டத்தைப் பார்த்துத் தயங்குவார்கள், பிரிட்டனில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: என் மகளும் இதே பேச்சுதான். லிபரல் ஆர்ட்ஸ் என்கிறாள். படம் வரையவும் பாட்டுப் பாடவும் நாற்பது லட்சமா?
ஒரு தந்தை, ரோஸ் பெல்

பதில்: ஐயா, பெயர்தான் அப்படி. கணிதம், இயற்பியல், உயிரியல் எல்லாம் அதற்குள் அடக்கம். சுவார்த்மோரில் பொறியியலே இருக்கிறது. முதல் இரண்டு வருடம் பலதும் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒன்றில் ஆழமாகப் போவார்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் கானாவில் குமாசியில் படித்துக்கொண்டிருந்தவர், ஃபோர்ட் அறக்கட்டளையின் உதவியோடு மினசோட்டாவில் உள்ள மக்காலெஸ்டர் கல்லூரிக்கு வந்து 1961இல் பொருளாதாரப் பட்டம் பெற்றார். அவரும் நடுவில் மாறியவர்தான். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி நியாயமானது. நாற்பது லட்சம் கொடுத்து அனுப்பாதீர்கள். கல்லூரி கொடுத்தால் அனுப்புங்கள்.

கேள்வி: மிஸ், அங்கே போனால் காவடிக்கு விரதம் இருக்க முடியுமா? தைப்பூசத்தன்று வகுப்புக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்?
ஒரு மாணவர், பாம்ப்ளமூஸ்

பதில்: இங்கே போல் அங்கே அரசு விடுமுறை கிடையாது. பருவம் தொடங்கிய முதல் வாரமே பேராசிரியருக்கு எழுதிவிடு, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பத்து நாள் விரதம் எனக்குச் சிரமமாக இல்லை. சாப்பாட்டுக் கூடத்துச் சமையல்காரம்மா எனக்கென்று ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து வைத்தார். பால்குடம் கிடைக்காமல் ஜாம் பாட்டிலில் பால் ஊற்றி, அறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அதுவரை சரி. அப்புறம் சூடம் ஏற்றினேன். கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. விடியற்காலை, முழங்கால் அளவு பனி, அறுபது பெண்கள் இரவு உடையில் வெளியே நின்று என்னைப் பார்த்தார்கள். விடுதிகளில் நெருப்பு ஏற்றத் தடை, அபராதமும் உண்டு. பாட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போ.