ஆணோ பெண்ணோ, குறிஞ்சிதான்!

கேள்வி:

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

எனக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் வைப்பதில் வீட்டில் பெரிய யுத்தமே நடக்கிறது. கேட்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை.

நான் தாவரவியல் படித்தவள். இயற்கையிலிருந்துதான் என் பிள்ளைக்குப் பெயர் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றவர்தான். ஆணோ பெண்ணோ, குறிஞ்சி. இதுதான் என் முடிவு.

மாமியார் கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "பூ பேரு வச்சா வாடிப் போயிடும்." ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்கிற வார்த்தையா இது? அவர் பெற்ற மகளுக்கு வைத்திருப்பதும் ஒரு பூவின் பெயர்தான். அது மட்டும் வாடாதாம்! நாத்தனார் அதற்கும் மேலே. பூத்ததும் குறிஞ்சிச் செடி செத்துப்போகும் என்று எங்கோ படித்துவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எனக்கே தாவரவியல் பாடம்! "பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்குமாம், அப்போ இந்தப் பிள்ளைக்கு எப்போ நல்லது நடக்கும்?" என்று கேலி வேறு.

ஆண் குழந்தை என்றால் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள் என்கிறாள் உடன் வேலை செய்யும் தோழி. என் அம்மாவாவது என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், "பெரியவங்க சொல்றதைக் கேட்டுட்டுப் போயேன்டி" என்கிறார். சுமப்பவள் நான். பெயர் வைக்கும் உரிமை மட்டும் ஊருக்கே உண்டு.

இவர்களையெல்லாம் விடுங்கள். என்னால் தாங்க முடியாதது என் கணவரின் போக்கு. நான் வேலைக்குப் போவதாகட்டும், தனிக்குடித்தனம் வந்ததாகட்டும், எனக்காக அவர் அம்மாவிடம் வாதாடியவர். இந்தப் பெயர் விஷயத்தில் மட்டும் அம்மா பிள்ளையாகிவிட்டார். "வேற எந்தப் பேர் வேணும்னாலும் வை, இது வேண்டாம்" என்கிறார். காரணம் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். அவரே கயல், ஆதிரை, முகில், பரிதி, பொழில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். எல்லாம் இயற்கைதானே என்கிறார். அப்படியானால் குறிஞ்சியில் என்ன குறை? (போன முறை ஐந்தாம் மாதத்தில் நின்றுபோன குழந்தைக்கும் இந்தப் பெயரைத்தான் பேசி வைத்திருந்தோம். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அது முடிந்துபோன விஷயம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அம்மா பேச்சை அவரால் தட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுகூட நாத்தனார் போன் செய்து, "என்ன, பன்னிரண்டு வருஷப் பூ எப்படி இருக்கு?" என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியாரின் வாயை எப்படி அடைப்பது? கணவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது? குறிஞ்சி என்பது உண்மையிலேயே வைக்கக்கூடாத பெயரா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாமியார், நாத்தனார், தோழி, அம்மா என்று எல்லோருக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, ஒரு குழந்தையை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டீர்கள். சம்பந்தமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிகளிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

முதலில் உங்கள் கணவர். மாமியாருக்குக் குறிஞ்சி ஒரு பூ. நாத்தனாருக்கு ஒரு செடி. அதை ஒரு குழந்தையின் பெயராக ஏற்கெனவே சொல்லிப் பழகியவர், உங்களைத் தவிர, அவர் ஒருவர்தான். இயற்கைப் பெயர்கள் ஐந்தைத் தேடி எழுதி வந்தவர் உங்கள் ஆசைக்கு எதிரி ஆகமாட்டார். அம்மாவுக்குப் பயந்தவராகவும் தெரியவில்லை. பயந்திருந்தால் பரிதியும் பொழிலும் அந்தத் தாளில் ஏறியிருக்காது. காரணத்தைச் சொன்னால் நீங்கள் இருவரும் சேர்ந்து மூடிவைத்த ஒன்றைத் திறக்க வேண்டிவரும். ஏழாம் மாதத்தில் இருக்கும் உங்களிடம் அதைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், அவரிடம் கேட்டால்தான் தெரியும். ஆனால் "அம்மா பிள்ளை" என்ற பட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

இப்போது உங்களுக்கு. "ஆணோ பெண்ணோ, குறிஞ்சிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வருவது யார் என்று தெரியும் முன்பே பெயர் முடிந்துவிட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் முன்பே வந்து போய்விட்டார் என்பதால் அப்படி இருக்கலாம். நீங்கள் இப்போது பிடிவாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இரண்டாவது குழந்தையின் பெயரையா, முதல் குழந்தையையா? இதற்கு நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

மாண்டவர் பெயரை அடுத்து வந்த பிள்ளைக்கு வைப்பது உலகெங்கும் நடந்ததுதான். ஓவியர் வின்சென்ட் வான்கோ பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக ஓராண்டு முன்பு, அதே தேதியில், இறந்தே பிறந்த அண்ணனுக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். இன்னொரு ஓவியர் சால்வடார் டாலியும் தனக்கு முன் இறந்த அண்ணனின் பெயரைச் சுமந்தவர். பெயரால்தான் அவர்கள் வாழ்க்கை அப்படிப் போனது என்று கதை கட்ட நான் தயாரில்லை. ஆனால் இறந்த குழந்தையின் இடத்தை நிரப்ப வந்தவராக வளர்க்கப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆல்பர்ட் கெய்ன், பார்பரா கெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1964-லேயே எழுதினார்கள். 'ரீப்ளேஸ்மென்ட் சைல்ட்' என்ற பேச்சு உளவியலில் வேரூன்றியது அப்போதுதான். அங்கே தொல்லை தருவது வெறும் பெயர் இல்லை, ஒப்பீடு. இறந்த குழந்தை அடம் பிடிக்காது, மதிப்பெண் குறையாது. அதோடு போட்டியிட்டு உயிரோடிருக்கும் பிள்ளை ஜெயிக்கவே முடியாது.

"தாத்தா பெயரை வைப்பதில்லையா?" என்று கேட்பீர்கள். தாத்தா வாழ்ந்து முடித்தவர். அவர் பெயரோடு அவருடைய கோபம், சிரிப்பு, கடன் எல்லாம் சேர்ந்து வரும். பேரப்பிள்ளை அவராக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறக்காத குழந்தையின் பெயரோடு வருவது பெற்றவர்களின் கனவு மட்டும். அது ஒரு பிள்ளைக்குக் கனம்.

நாத்தனார் சொன்ன தாவரவியலில் பிழையில்லை, சொன்ன விதத்தில்தான் பிழை. நீலக்குறிஞ்சி பூத்து, விதை சிந்தி, காய்ந்துவிடும் செடிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்த பூப்பு 2030-ல். அதை அபசகுனமாகப் படிப்பது அபத்தம். ஆனால் படித்தவர் நீங்கள், இதை யோசியுங்கள்: தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதே மலை, அதே நீலம். 2018-ல் பூத்தவை எதுவும் 2006-ல் பூத்த செடிகள் இல்லை. எல்லாம் விதையிலிருந்து புதிதாக முளைத்தவை.

ஆகவே என் தீர்ப்பு இது. குறிஞ்சி அழகான பெயர், வைக்கக்கூடாத பெயர் இல்லை. உங்கள் வீட்டில் அது முதல் குழந்தையுடையது. அந்தக் குழந்தையிடமே இருக்கட்டும். நீங்கள் இருவரும் பேசி, அழவேண்டியதை அழுது முடித்த பிறகும் இருவருக்குமே அந்தப் பெயர் வேண்டும் என்று தோன்றினால் வையுங்கள், தடையில்லை. அப்படி வைத்தால் காரணத்தைப் பிள்ளையிடம் சின்ன வயதிலேயே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயதில் யார் வாய்மூலமோ தெரியவரக்கூடாது. ஒருவருக்கு மட்டும் வேண்டும் என்றால் வேண்டாம்.

கணவரிடம் "ஏன் வேண்டாம்?" என்று கேட்காதீர்கள், அது குறுக்கு விசாரணை. "அந்தப் பேரைக் கேட்டா உங்களுக்கு என்ன ஆகுது?" என்று கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, சேர்ந்து நடக்கும்போது கேட்பது நல்லது. முகம் பார்க்காமல் பேசுவது பலருக்கு எளிது. பதில் வர நேரமாகலாம், அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். அன்றைக்கே பெயரை முடிவு செய்யவும் வேண்டாம். தன் பெயரின் ஒலியைக் குழந்தை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிவதே ஏறக்குறைய நாலரை மாதத்தில்தான். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கக் கெடு என்ன என்பதை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். இழப்புக்குப் பின் வரும் கர்ப்பத்தில் பதற்றம் கூடுதலாக இருப்பது இயல்பு. மனச்சோர்வு, தூக்கமின்மை, குழந்தைக்காக எதையும் தயார்செய்யப் பயம் ஆகியவை அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பிரசவம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம். இயற்கைப் பெயர் எதற்கும் ஒரு நிழல் உண்டு. ஆதிரை ஒரு செம்பெருமீன், அதாவது சிவந்த பெரிய விண்மீன். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி 2020-ல்தான் பழைய ஒளிக்குத் திரும்பியது. நாத்தனார் அதையும் கண்டுபிடிப்பார். முகில் கலையும், பரிதி சுடும். காந்தளின் கிழங்கு நஞ்சு. இதற்கெல்லாம் பயந்தால் கூழாங்கல் என்றுதான் வைக்கவேண்டும். உண்மையில் பார்க்கவேண்டியவை வேறு. பொழிலில் உள்ள ழகரத்துக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லை, தமிழ் தெரியாதவர் வாயில் அது 'ஸ' ஆகிவிடும். குழந்தையின் நாவிலும் ழ கடைசியாகத்தான் படியும். கயல் அழகு, ஆனால் மெய்யில் முடிவதால் தூரத்திலிருந்து கூப்பிடும்போது 'கயலூ' ஆகிவிடும். ஆதிரை நெடிலில் தொடங்கி ஐகாரத்தில் முடிவது, அடுத்த அறைவரை கேட்கும். எதுவானாலும் கொஞ்சலாகவும் கோபமாகவும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். போனில் மூன்று பேரிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இருவர் தப்பாக எழுதினால் பிள்ளை ஆயுள் முழுக்க எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். கடவுச்சீட்டின் அடியில் கருவி படிக்கும் வரியில் பெயருக்கு உள்ள இடம் 39 எழுத்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தால் அதுவும் அதற்குள்தான் அடங்கவேண்டும்.

மாமியாருக்கும் நாத்தனாருக்கும் இப்போதைக்குப் பதிலே வேண்டாம். அந்த வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். பெயர் முடிவானதும் அதை உங்கள் கணவரே அவருடைய அம்மாவிடம் சொல்லட்டும்.