212 பேர் நிரப்பிய படிவம் ரேண்டம் ஆகுமா?

உளவியல் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. புராஜெக்ட். தேர்வு பயம் பற்றிய கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்களில் போட்டேன். 212 பேர் நிரப்பிட்டாங்க. ரேண்டம் சாம்பிள்னு எழுதலாமா?

பதில்: கூடாதும்மா. கைக்கு எட்டியவர்களைச் சேர்த்தால் அது வசதி மாதிரி (கன்வீனியன்ஸ் சாம்பிள்). ரேண்டம் என்றால், ஆய்வுக்குரிய எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். அதற்கு அவர்களின் முழுப் பட்டியல் கையில் வேண்டும். பதிவேட்டில் 600 பேர் என்றால், எக்செல்லில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரேண்டம் எண் போட்டு, அந்த எண்படி அடுக்கி, மேலே வரும் 60 பேரை எடு. அன்று லீவு போட்டவருக்குப் பதிலாகப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரை உட்கார வைக்காதே. பலர் சறுக்குவது அங்கேதான். பரீட்சை என்றாலே நடுங்குகிறவர்தானே முதலில் லீவு போடுவார்!

கேள்வி: 2,000 பேர் சேர்த்தால் சரியாகிடுமா மேடம்?

பதில்: ஆகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், யாருக்கு ஓட்டு என்று கேட்டு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகள் டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை; அன்று அவை இரண்டும் வசதியுள்ளவர்களிடம்தான் அதிகம். சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் மனசும் வேறாக இருந்தது.

கேள்வி: விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், வாசகத்தில் கவனம். 1971 ஸ்டான்போர்ட் சிறைச் சோதனையில் மாணவர்கள் போலிச் சிறையில் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடித்தார்கள்; காவலர்களில் சிலர் கொடுமைக்காரர்களாக மாறினார்கள். அதற்கு ஆள் எடுக்க, 'சிறை வாழ்க்கை பற்றிய உளவியல் ஆய்வு', நாளுக்கு 15 டாலர் என்று விளம்பரம் வந்தது. 2007-இல் கார்னஹன், மெக்ஃபார்லண்ட் இருவரும் அதே மாதிரி விளம்பரத்தை, 'சிறை வாழ்க்கை' என்ற சொல்லோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறை என்று படித்து வந்தவர்களிடம் முரட்டுத்தனமும் அதிகார மோகமும் கூடுதல். பிறர்மேல் இரக்கம் குறைவு. அப்படியானால் 1971-இல் கெடுத்தது சிறையா, சிறைக்கு வந்த ஆட்களா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கேள்வி: குடியை விட்டவர்களைப் பற்றி ஆய்வு. பட்டியலே கிடையாதே சார்?

பதில்: (சார் இல்லை, மேடம்!) பனிப்பந்து முறைதான் வழி. ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். ஒரே நட்பு வட்டத்துக்குள் சுற்றாமல் இருக்க, நாலைந்து வெவ்வேறு இடங்களில் தொடங்குங்கள்.

கேள்வி: (முதலில் கேட்ட அதே பெண்) கைடு 'ரேண்டம்னே எழுது, யார் பார்க்கப் போறாங்க'ங்கிறார் அக்கா.

பதில்: வைவாவில் 'பட்டியலைக் காட்டு' என்றால் நீதானே நிற்கணும்? வசதி மாதிரி என்றே எழுதும்மா.