சித்தி வீடு மூன்று தெரு தள்ளி

அக்காவுக்கு வணக்கம்.

எனக்கு 34 வயசு. தண்டையார்பேட்டை. நான் பிறந்தது என் சித்திக்கு. அம்மாவுக்குக் குழந்தை இல்லையென்று எட்டாவது மாதத்தில் என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பத்திரம் எதுவும் கிடையாது, பெரியவர்கள் பேசி முடித்ததுதான். சித்தி வீடு மூன்று தெரு தள்ளித்தான். நான் வயசுக்கு வந்த சடங்கில் பக்கத்து வீட்டு ஆயா, "பெத்தவளும் நிக்கறா, வளத்தவளும் நிக்கறா" என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அப்புறம் யாரும் அதைப் பேசவில்லை. இப்போது என் மகளுக்கு எட்டு மாதம். அவளை யார் கையிலும் கொடுக்க முடியவில்லை. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். சித்தியிடம் கேட்கணும் போல இருக்கிறது. பேச்சை எடுத்ததற்கே அம்மா, "நான் உனக்கு என்னடி குறை வெச்சேன்?" என்று ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றி கெட்டவளா? இன்னொன்று, காதுகுத்துக்குச் சித்தி வீட்டு அண்ணனைத் தாய்மாமனாக உட்கார வைக்கலாமா?

(பெயர் வேண்டாம் அக்கா)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பெயரோடு தெருப் பெயரையும் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான்.

நன்றி கெட்டவளா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இல்லை. அம்மா ஊட்டிய சோற்றையும் கட்டிய ஸ்கூல் பீஸையும் வரவில் எழுதி, அந்த எட்டு மாதக் குழந்தை இழந்ததை அதில் கழித்துவிடலாம் என்று உங்கள் வீட்டில் கணக்குப் போட்டுவிட்டார்கள். அது கழியாது. தத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். நீங்களும் அப்படித்தான். நன்றாக வளர்ந்தவளுக்கும் இழப்பு இருக்கலாம். அதைச் சொல்வது வளர்த்தவளைக் குறை சொல்வதாகாது.

1982இல் அமெரிக்காவில் டெபோரா சில்வர்ஸ்டீன், ஷாரன் கப்லான் என்ற இருவர், தத்து என்றாலே கூட வரும் ஏழு சிக்கல்களை எழுதினார்கள். முதலாவது இழப்பு. பிறகு ஒதுக்கப்பட்ட உணர்வு, குற்றவுணர்வு, துக்கம் என்று போகும். அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இந்த ஏழும் பிள்ளைக்கு மட்டும் இல்லை, பெற்றவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் உண்டு என்கிறார்கள். உங்கள் வீட்டில் மூன்று பெண்களும் ஆளுக்கொன்றாக மறைத்து வைத்துக்கொண்டு, பொங்கலுக்குப் பொங்கல் சிரித்துப் பேசியிருக்கிறீர்கள்.

இந்த எட்டு மாதம் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஆறேழு மாதத்துக்கு மேல் குழந்தைக்கு அம்மா முகம் வேறு, அடுத்தவர் முகம் வேறு என்று நன்றாகத் தெரிந்துவிடும். வேறு ஆள் தூக்கினால் வீறிடும். உங்கள் மகள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பாள். அந்த வயதில்தான் உங்களைக் கை மாற்றினார்கள். உங்களுக்கு அது ஞாபகம் இருக்க வழியில்லை. ஆனால் அந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றைக்குத் தினமும் பார்க்கிறீர்கள். தத்துப் பிள்ளைகள் பலருக்குத் தனக்கென்று ஒன்று பிறந்த பிறகுதான் இதெல்லாம் மேலே வரும்.

ராத்திரி எழுந்து மூச்சுப் பார்ப்பதை மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் பதற்றமாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416க்கு போன் போடுங்கள். அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். குழந்தை எட்டு மாதம், நான் இப்படித் தத்துப் போனவள், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

2005இல் சென்னையில் ஒரு வழக்கு வெடித்தது. ஏழைத் தெருக்களில் கடத்தப்பட்ட குழந்தைகள், ஒரு தத்து நிறுவனம் வழியாக ஆஸ்திரேலியா, நெதர்லாந்து வரை போயிருந்தார்கள். உங்கள் பக்கத்துப் புளியந்தோப்புக் குடும்பமும் அதில் உண்டு. அந்தப் பெற்றோருக்காக எல்லோரும் வருத்தப்பட்டோம், சரிதான். வீட்டுக்குள்ளேயே கை மாறிய பிள்ளைக்காக யாரும் வருத்தப்படுவதில்லை. "எங்க போயிட்டா, இதோ இங்கதானே இருக்கா" என்பார்கள். நிறுவனம் வழியாகப் போன பிள்ளைக்காவது 18 வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உங்களுக்கு வேர் மூன்று தெரு தள்ளி இருக்கிறது, போய்க் கேட்கத்தான் வழியில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம், சம்பந்தப்பட்ட பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்ததுதான் எனக்குக் கோபம்.

சித்தியிடம் கேளுங்கள். ஆனால் "என்னை ஏன் கொடுத்தே?" என்று ஆரம்பிக்காதீர்கள். முடிவு அவருடையதா என்பதே நமக்குத் தெரியாது. நீங்கள் பிறந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டப்படி, தகப்பன் உயிரோடு இருந்தால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். தாயின் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி உண்டு. தாய்க்கும் சம உரிமை வந்தது 2010இல்தான். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்காவுக்காகத் தங்கையிடம் அந்தச் சம்மதத்தை எப்படி வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நடந்ததைக் கேளுங்கள். அன்றைக்கு யார் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் அழுதேனா, அப்புறம் பால் கட்டிக்கொண்டதே, என்ன செய்தே? முதல் தடவை, "இப்ப நல்லாதானே இருக்கே" என்று முடித்துவிடுவார். விடுங்கள். மறு தடவை குழந்தையை எடுத்துக்கொண்டு போங்கள்.

அதற்கு முன்னால் அம்மா. அவர் சாப்பிடாமல் இருந்ததை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் (கொஞ்சம் மிரட்டலும்தான்). வருஷக்கணக்காக "விசேஷம் எதுவும் இல்லையா?" என்று கேட்கப்பட்டவர். குழந்தை வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று ஊர் சொன்னது, அவருக்குள் தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் சித்தி என்று வாயெடுத்தால், இத்தனை வருஷம் வெறுமனே வளர்த்துக் கொடுத்தவளாகத்தான் இருந்தோமா என்று அவருக்குக் கேட்கிறது. அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். "நீதான் என் அம்மா, அதுல மாத்தமில்ல. சித்திகிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். உனக்குத் தெரியாம கேக்க மாட்டேன்." அழுவார். அழட்டும். நீங்களும் அழுதால் தப்பில்லை, ஆனால் அழுகைக்குப் பயந்து சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மகளுக்கு இப்போதிலிருந்தே கதையாகச் சொல்லி வாருங்கள். சடங்கு வீட்டில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம்.

காதுகுத்து விஷயத்தில் நீங்கள் வீணாகக் குழம்புகிறீர்கள். பெரியம்மா பெண்ணாக வைத்தாலும் சரி, கூடப் பிறந்தவளாக வைத்தாலும் சரி, அவர் உங்களுக்கு அண்ணன்தான், உங்கள் மகளுக்குத் தாய்மாமன்தான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காதுகுத்துப் பத்திரிகையில் பார்த்து அம்மாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். முடிந்தால் அண்ணனைக் கூப்பிட அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சீக்கிரம் போங்கள், தங்கம் விற்கிற விலைக்குத் தோடு வாங்க அவருக்கும் அவகாசம் வேண்டும்.