கல்லீரல் புரதத்தை அடக்கும் காப்ஸ்யூலா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. ரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று சொன்னார்கள். பார்த்த டாக்டர், ‘நீங்க வெறும் கேரியர்தான், வைரஸ் இருக்கு, நோய் இல்லை, பயப்படாதீங்க’ என்று அனுப்பிவிட்டார். இந்த வைரஸ் பெருகுவதற்கு நம் உடம்பில் உள்ள புரதங்களே உதவுகின்றன என்று பிறகு படித்தேன். அப்படி உதவும் புரதங்களை மரபணுச் சோதனையில் கண்டுபிடித்து, காப்ஸ்யூல் கொடுத்து அடக்கிவிடலாம் என்று ஒருவர் ஒரு பேக்கேஜ் சொல்கிறார். எடுக்கலாமா? என் தம்பிக்கும் அந்தச் சோதனை தேவையா?

பதில்: வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம், தம்பிக்கும் வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது பொய்யில்லை. அந்த ஆளின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. முன்பாதி உண்மை, பின்பாதி விற்பனை.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடுவோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒரு பரம ஏழை. அதன் மரபுத் தகவல் மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள்தான்; நம்முடையது 300 கோடி. நாலே நாலு மரபணுவை வைத்துக்கொண்டு தனியாகப் பிழைக்க முடியாது என்பதால், கல்லீரல் செல்லுக்குள் புகுந்து அங்கே வேலை பார்ப்பவர்களையே தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

வாசலிலேயே இது ஆரம்பித்துவிடும். கல்லீரல் செல்லின் வெளிச்சுவரில் என்.டி.சி.பி. என்றொரு புரதம் இருக்கிறது. குடலிலிருந்து திரும்பி வரும் பித்த உப்பை உள்ளே இழுத்துக்கொள்வது அதன் அன்றாட வேலை. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீயின் குழு இதைக் கண்டுபிடித்தது. வைரஸ் நமக்குத் தெரியவந்தது 1960களில். அது எந்த வாசல் வழியாக வருகிறது என்று தெரிய இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

உள்ளே வரும் வைரஸின் டிஎன்ஏ வளையம் அரைகுறையானது, ஒரு இழையில் இடைவெளி இருக்கும். நம் செல்லில் அறுந்த டிஎன்ஏவை ஒட்டுவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. அவை, இது யாருடையது என்று கேட்காமல், வைரஸின் வளையத்தையும் ஒட்டி முழுசாக்கிவிடுகின்றன. முழுசான அந்த வளையத்துக்கு சி.சி.சி. டிஎன்ஏ என்று பெயர். வைரஸின் மூலப்பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். நகல் எடுத்துக் கொடுப்பதும் நம் ஆட்கள்தான்: கல்லீரலின் மரபணுக்களை இயக்கும் எச்.என்.எஃப். 4 ஆல்ஃபா போன்ற புரதங்கள்.

எல்லோரும் எதிரிக்கு வேலை செய்வதில்லை. எஸ்.எம்.சி. 5/6 என்ற புரதக் கூட்டு அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்து அதை ஊமையாக்கப் பார்க்கும். வைரஸ் சும்மா இருக்குமா? தன் எக்ஸ் புரதத்தை அனுப்பி, செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டை வளைத்துப்போட்டு, இந்தக் காவல்காரர் மீதே ‘குப்பை’ என்று சீட்டு ஒட்டி ஒழித்துவிடுகிறது. இது 2016இல் வெளிவந்த ஆய்வு. எனக்கு இன்றைக்கும் அலுக்காத கதை, அதனால்தான் கேட்காமலே சொல்கிறேன்.

சரி, உதவும் புரதங்களை அடக்கினால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் சொந்த வேலை இருக்கிறதே. எச்.என்.எஃப். 4 ஆல்ஃபாவை நிறுத்தினால் கல்லீரல் கல்லீரலாகவே இருக்காது. டிஎன்ஏ ஒட்டும் புரதங்களை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். இதுவரை கைகூடியது வாசலை அடைக்கும் ஒரே ஒரு மருந்து: புலெவிர்டைட். 2020இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது, அதுவும் பி வைரஸோடு ஒட்டிக்கொண்டு வரும் ஹெபடைடிஸ் டி உள்ளவர்களுக்கு. தினமும் ஊசி. வாசலை அடைப்பதால் பித்த உப்பு உள்ளே போக முடியாமல் ரத்தத்தில் கூடுகிறது. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் மூலப்பத்திரத்தை அது தொடுவதில்லை.

இப்போது உங்கள் காப்ஸ்யூலுக்கு வருகிறேன். இந்த மாதிரி விளம்பரங்களில் ‘ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வரி தவறாமல் இருக்கும். ஆய்வகம் என்றால் தட்டில் வளர்த்த செல். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் தட்டில் என்.டி.சி.பி. வாசலை அழகாக அடைக்கிறது. ஆனால் அது உறுப்பு மாற்று சிகிச்சையில் நோய் எதிர்ப்பை அடக்கத் தரும் மருந்து. உங்களுக்குக் கொடுத்தால் வைரஸுக்கு விருந்து வைத்த மாதிரி. பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு வேதிப்பொருளும் தட்டில் வைரஸின் நுழைவைக் குறைத்திருக்கிறது. அதே பச்சைத் தேயிலைச் சாறு செறிவூட்டிய காப்ஸ்யூல்களைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். தட்டில் இருக்கும் செல்லுக்கு மஞ்சள் காமாலை வராது, மனிதருக்கு வரும்.

மரபணுச் சோதனையும் அதே ரகம்தான். என்.டி.சி.பி. புரதத்தில் 267ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வைரஸ் நுழையத் திணறும். இந்த மாற்றம் கிழக்கு ஆசியர்கள் சிலரிடம் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வைரஸ் ஏற்கெனவே வீட்டுக்குள் படுத்திருக்கும்போது வாசல் பூட்டு என்ன கம்பெனி என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

போன மாதம் ஒருவர் இப்படியொரு ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்தார். வழவழப்பான தாள், 14 பக்கம், சிவப்பும் பச்சையுமாக வட்டங்கள், ஒவ்வொரு புரதத்துக்கும் மதிப்பெண். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினேன். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற ஒரே எண் மட்டும் எங்கேயும் இல்லை. இந்தச் சோதனையை எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று கேட்டேன். டாக்டர் இல்லை, லேபுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட். ‘மூணு மாசத்துல நெகட்டிவ்’ என்று உத்தரவாதம் கொடுப்பவர்களும் இவர்களே. மூன்று மாதம் கழித்து வேறொரு லேபில், வேறொரு அலகில் எண்ணைக் காட்டி, குறைந்துவிட்டது என்பார்கள். ஒரே வைரஸ் அளவு ‘காப்பிஸ்’ கணக்கில் பெரிய எண்ணாகவும் ‘ஐ.யு.’ கணக்கில் அதைவிடப் பல மடங்கு சிறிய எண்ணாகவும் தெரியும். ஆகவே எப்போதும் ஐ.யு. என்ற சர்வதேச அலகிலேயே கேளுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

ஏஜென்ட்டை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ‘வெறும் கேரியர்’ என்று சொல்லி அனுப்புகிறோமே நாங்கள், அந்த இடைவெளியில்தான் அவர் கடை போடுகிறார். வைரஸ் அளவு பார்க்காமல், கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. என்ற நொதியை ஒரு தடவைக்கு மேல் பார்க்காமல், கேரியர் என்று யாராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022இல் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் சுமார் 13 சதவீதம், சிகிச்சையில் இருப்பவர்கள் சுமார் 3 சதவீதம். தெரிந்து, தேடி வந்த ஒருவரையும் அரை நிமிஷத்தில் அனுப்பிவைத்தால் இதற்கு மேல் என்ன சொல்ல!

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை இவைதான்: எச்.பி.வி. டிஎன்ஏ அளவு (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்ற அந்த எண்), ஏ.எல்.டி., வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் இ-ஆன்டிஜென், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஸ்கேன். டிஎன்ஏ ஒரு மில்லி லிட்டருக்கு 2,000 ஐ.யு.வுக்கு மேலும், ஏ.எல்.டி. கூடுதலாகவும் இருந்தால் மாத்திரை பற்றிப் பேச வேண்டும்; கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது. அந்த மாத்திரைகளான டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வைரஸின் சொந்த நொதியைத்தான் அடக்குகின்றன, உங்கள் புரதத்தை இல்லை. அதனால்தான் வருடக்கணக்கில் சாப்பிட முடிகிறது. மூலப்பத்திரம் உள்ளேயே இருப்பதால், நீங்களாக ஒருநாள் நிறுத்தினால் வைரஸ் திரும்பிப் பாயும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

இத்தனை புரதங்களில் நீங்கள் நிஜமாகவே கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. அதைப் பற்றி எந்த பேக்கேஜும் பேசாது. நம் செல்லில் ஸ்டீராய்டு ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டைப் பிடித்ததும் அது போய் டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களைத் தூண்டும். வைரஸ் தன் டிஎன்ஏவிலும் அதற்கென்று ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது! மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ ப்ரெட்னிசோலோன் மாத்திரை எழுதினால், ஒருபக்கம் நோய் எதிர்ப்பு படுத்துக்கொள்கிறது, மறுபக்கம் வைரஸுக்கு நேரடியாகவே முடுக்கம் கிடைக்கிறது. தினமும் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ, நாலு வாரமோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து அதிகம். புற்றுநோய்க்கான கீமோதெரபியும் ஆபத்துதான்; சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து இன்னும் மோசம். ஹெபடைடிஸ் பி வந்து போய்விட்டது, இப்போது நெகட்டிவ் என்று இருப்பவர்களிடமும் அது வைரஸை எழுப்பிவிடும், மூலப்பத்திரம் அவர்கள் கல்லீரலிலும் கிடப்பதால். அந்த மருந்து தொடங்குவதற்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடங்கி, அந்த மருந்து முடிந்த பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும்.

முடக்குவாதத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட ஒரு பெண், கண்ணெல்லாம் மஞ்சளாகி என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்த இடத்தில் யாரும் ஹெபடைடிஸ் பி பார்க்கவில்லை. பழைய சீட்டு அவர் பையிலேயே இருந்தது, பாசிட்டிவ் என்று. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் அது நூலிழையில். ஆகவே எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், உட்காரும் முன்பே ‘எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

அப்புறம் தம்பி. அவர் செய்ய வேண்டியது மூன்று சாதாரண ரத்தச் சோதனைகள்: எச்.பி.எஸ்.ஏ.ஜி. (வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா), கோர் ஆன்டிபாடி (எப்போதாவது வந்திருக்கிறதா), சர்ஃபேஸ் ஆன்டிபாடி (எதிர்ப்பு இருக்கிறதா). மூன்றும் இல்லையென்றால் தடுப்பூசி, முழுத் தவணையும். உங்கள் மனைவி, குழந்தைகளுக்கும் இதேதான். எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருந்தால் தம்பியும் உங்கள் வரிசையில் வந்து நிற்க வேண்டியதுதான்.