பழைய எஸ்யூவியின் ஃபுட் ஸ்டெப்பை வீட்டிலேயே கழற்ற முடியுமா?

நாகப்பட்டினத்தில் ஓடும் பதினைந்து வயதான வண்டியின் பக்கவாட்டு ஃபுட் ஸ்டெப் (ஏறி இறங்கக் கால் வைக்கும் பலகை) துருப்பிடித்துவிட்டதால் அதை மெக்கானிக்கிடம் போகாமல் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றலாம், ஆனால் அவசரப்படக் கூடாது.

கடற்கரையின் உப்புக்காற்றும் வயல் சேறும் சேர்ந்து, பலகையைத் தாங்கும் பிராக்கெட்டைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) அல்லது பாடியோடு பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்கிவிடுகின்றன. ஆகவே முதல்நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் மரைகளிலுள்ள சேற்றைத் தேய்த்தெடுத்து, டபிள்யூடி-40 போன்ற எண்ணெயை அடித்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு முனை சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் கொண்டு, சற்றே இறுக்கி, பிறகு தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, சிறிது சிறிதாகத் திருப்புவதே நல்லது. ஒரேயடியாகப் பலம் கொடுத்து இழுத்தால் போல்ட் தலை முறிந்துவிடும்; பாடிக்குள் பற்றவைத்த நட் பிய்ந்து சுழலத் தொடங்கினால் வேலை பலமடங்காகும். கேஸ் டார்ச்சால் சூடேற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன், ஏனெனில் டீசல் குழாயும் பிரேக் குழாயும் அருகிலேயே செல்லக்கூடும்.

வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாமல், கெட்டியான தரையில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கடைசி போல்ட்டை எடுக்கும்போது இன்னொருவர் பலகையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மிஞ்சும் துளைகளைத் துருநீக்கி, பிரைமர் பூசி, ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். அவற்றைத் திறந்தபடியே விட்டால் ஐப்பசி மழைநீர் உள்ளே தங்கிப் பாடியையே அரிக்கும்.