பினாங்குக்குக் கப்பல் எப்போ சார்?

இரண்டு இதழுக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குப் போகிற கப்பலைப் பற்றிப் போகிறபோக்கில் ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் விமான டிக்கெட் விலையைப் பார்த்து நொந்துபோனவர்கள், மீதிப் பேர் தாத்தா காலத்துக் கப்பலை மறக்காதவர்கள். அதனால் இந்த முறை முழுக்கக் கப்பல்தான். பட்டா மாறுதல், மூட்டுவலி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: என் தாத்தா ரஜுலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். இப்போது சென்னையிலிருந்து பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ கப்பல் போகிறதா? விமானத்தில் எனக்குக் காது அடைத்து உயிர் போகிறது. கப்பல் மலிவாகவும் இருக்குமே?
– வாசகி, காரைக்குடி

இல்லைங்க. 1980களின் நடுவிலேயே நின்றுபோன வழி அது.

உங்கள் தாத்தா போன ரஜுலா 1926-ல் கட்டிய கப்பல். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. நாகையில் ஆழம் போதாது, கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கிற கப்பலுக்குப் படகில் போய், அலையில் ஆடுகிற படகிலிருந்து ஏணியைப் பிடித்து ஏற வேண்டும், அதுவும் இடுப்பில் குழந்தையோடு. இருப்பதிலேயே மலிவான டிக்கெட் ‘டெக்’. அறை, கட்டில் எதுவும் கிடையாது, பாயை விரித்து இடம் பிடித்தால் அதுதான் ஒரு வாரத்துக்கு வீடு.

ரஜுலாவுக்கு அப்புறம், மத்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஒரு பிரெஞ்சுக் கப்பலை வாங்கி ‘சிதம்பரம்’ என்று பெயர் மாற்றி ஓட்டியது. 1985-ல் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அதோடு அந்த வழி முடிந்தது. ஆனால் பழியை முழுக்கத் தீ மேல் போட முடியாது, அதற்கு முன்பே விமானம் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தது. விமானம் உங்களை நாலு மணி நேரம் உட்கார வைத்து இறக்கிவிட்டு, அன்றைக்கே இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். கப்பல் அப்படியா? ஒரு வாரம் உங்களுக்குச் சோறு போட வேண்டும், படுக்க இடம், குளிக்க நல்ல தண்ணீர், வைத்தியத்துக்கு ஒரு டாக்டர், எல்லாவற்றுக்கும் மேலே அத்தனை மாலுமிகளுக்கும் ஒரு வாரச் சம்பளம். ‘கப்பல் என்றால் மலிவு’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது ஆளைச் சரக்கு மாதிரி அடுக்கிக்கொண்டு போன டெக் டிக்கெட்டை வைத்துத்தான். அந்த டிக்கெட்டை இன்றைக்கு விற்றால் நீங்களே வாங்க மாட்டீர்கள்.

காதுக்கு ஒன்று சொல்கிறேன். விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது தூங்காதீர்கள், எதையாவது மென்று விழுங்கிக்கொண்டே இருங்கள், சளி பிடித்திருக்கும் நேரத்தில் பயணம் வேண்டாம். அப்படியும் வலித்தால் காது டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கே: நாகை – காங்கேசன்துறை கப்பல் விமானத்தைவிட லாபமா? யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம், நாலு பேர் போக வேண்டும்.
– வாசகர், தஞ்சாவூர்

உங்கள் ஊர்க்காரர்களுக்கு லாபம். சென்னைக்காரர் கேட்டிருந்தால் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

2023 அக்டோபர் 14-ல் ‘செரியபாணி’ என்ற அரசுக் கப்பலோடு தொடங்கினார்கள். முதல் நாள் சலுகையாக மூவாயிரம் ரூபாய் போல வாங்கினார்கள், மறுநாளிலிருந்து 6,500, அதற்கு மேல் 18 சதவீதம் வரி, ஆக 7,670. ஆள் வருமா? ஒரு வாரத்திலேயே வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ வந்தது, இதை ஓட்டுவது தனியார். 150 பேர் போகலாம், ஏறக்குறைய நாலு மணி நேரம், கட்டணமும் முன்னைவிடக் குறைவு. ஆனால் கட்டணமும் ஓடுகிற கிழமைகளும் மூட்டைக்கான கிலோ கணக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றன, நான் ஒரு தொகையை எழுதி நீங்கள் அதை நம்பிப் போய் நிற்க வேண்டாம். டிக்கெட் போடும் அன்றைக்குப் பாருங்கள்.

எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். விமானக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்து சென்னை விமான நிலையம் போகிற செலவு, விடியற்காலை விமானம் என்றால் முந்தின ராத்திரி அறை, கல்யாணச் சீருக்கான எடை எல்லாவற்றையும் நாலு பேருக்குப் போட்டுப் பாருங்கள். நாகை உங்களுக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரத்து பஸ். திருச்சியிலிருந்தும் இப்போது யாழ்ப்பாணத்துக்கு விமானம் வந்துவிட்டது, அதனால் அந்த விலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் இறங்கினால் காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். கப்பல் என்பதால் பாஸ்போர்ட், விசா எல்லாம் தளர்ந்துவிடாது, விமானத்துக்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் இங்கேயும் வேண்டும்.

முகூர்த்தம் ஐப்பசி, கார்த்திகையில் என்றால் கப்பலை நம்பாதீர்கள். கடல் கொந்தளித்தால் ரத்து செய்துவிடுவார்கள். பணம் திரும்பி வரும், முகூர்த்தம் வராது. தை பிறந்த பிறகு என்றால் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போகலாம், அப்போதும் ரெண்டு நாள் முன்கூட்டியே கிளம்புங்கள்.

கே: எங்கட அம்மம்மா போட் மெயிலில் தலைமன்னாரால ஏறி மெட்ராஸ் போய் வந்தவ. அது திரும்ப வருமோ?
– வாசகர், மன்னார்

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததோடு தொடங்கிய ஏற்பாடு அது. எழும்பூரில் ரயிலேறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அப்புறம் மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 1980களின் தொடக்கம் வரை கப்பல் ஓடியது, இனக்கலவரமும் போரும் அதையும் நிறுத்தின. திரும்பக் கொண்டுவருகிறோம் என்ற அறிவிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. கப்பல் கரையில் வந்து நிற்கட்டும், எழுதுகிறேன். இங்கே ராமேஸ்வரம் ரயிலை இன்னமும் எங்கள் ஆட்கள் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள். போட் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது, பெயரை மட்டும் யாரும் இறக்கிவிடவில்லை.

கே: தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் ஏன் நின்றது?
– வாசகர், திருச்செந்தூர்

2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பலை விட்டார்கள். ஆயிரம் பேர் போகக்கூடிய கப்பல், அதில் பாதி கூட நிரம்பாமல் ஓடினால் டீசலுக்கே கட்டாது. சில மாதத்தில் நின்றுவிட்டது. நாகையில் 150 பேர் கப்பலாகப் பார்த்து விட்டிருப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

கே: சரக்குக் கப்பலில் பயணியாகப் போகலாம் என்று வீடியோவில் பார்த்தேன். வேலை செய்துகொண்டே இலவசமாகப் போகவும் முடியுமாமே? ஒரு ஏஜென்ட் அறுபதாயிரம் கேட்கிறார்.
– வாசகர், கடலூர்

முதலில் அந்த அறுபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

சரக்குக் கப்பலில் பயணிகளை ஏற்றிக்கொள்வது உண்மையாகவே இருந்த வழக்கம்தான். பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் சர்வதேச விதிப்படி அது ‘பயணிகள் கப்பல்’ ஆகிவிடும், ஏகப்பட்ட ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். மலிவும் இல்லை. ஒரு நாளுக்கு நூறு யூரோ போல வாங்கினார்கள், இருபது நாள் பயணம் என்றால் ரெண்டாயிரம் யூரோ, இன்ஷூரன்ஸும் மருத்துவச் சான்றிதழும் தனி. கொரோனா வந்த 2020-ல் பெரும்பாலான கம்பெனிகள் இதை நிறுத்தின, பல இன்னும் திறக்கவே இல்லை. நீங்கள் பார்த்த வீடியோ பழசாக இருக்கும்.

வேலை செய்துகொண்டே போவது கதையில் வருகிற விஷயம். இன்றைக்குக் கப்பலில் துடைப்பம் பிடிக்கக்கூட அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், கப்பல்காரர்கள் ‘சிடிசி’ என்று சொல்கிற மாலுமிப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஏற்றிவிடுகிறேன் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: சொகுசுக் கப்பல் சீசன் மாறும்போது பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார்களே, ஐரோப்பாவுக்கு அப்படிப் போகலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

அது பொய் இல்லை. கோடையில் மத்தியதரைக் கடலில் சுற்றுகிற கப்பல்கள் அக்டோபர், நவம்பரில் கரீபியன் பக்கம் போகும், ஏப்ரல், மே வாக்கில் திரும்பும். காலியாகப் போவதற்குப் பதில் அந்த ஒருவழிப் பயணத்தை மலிவாக விற்பார்கள். ஆசியாவிலும் இப்படி இடம் மாறுகிற கப்பல்கள் உண்டு.

கணக்குப் போடுவோம். ஒரு ராத்திரிக்கு ஒருவருக்கு 70 டாலர் என்று வைத்தால் பதினாலு ராத்திரிக்கு 980. சாப்பாடு, படுக்கை இதிலேயே அடக்கம், அதனால் விலை உண்மையிலேயே நல்ல விலைதான். ஆனால் அது ஒரு அறையில் ரெண்டு பேர் என்கிற கணக்கு. தனியாகப் போனால் பல கம்பெனிகளில் ரெண்டு பேர் காசையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். மேலே தினமும் ‘டிப்ஸ்’ என்று ஒரு தொகையைத் தானாகவே கணக்கில் ஏற்றுவார்கள். கப்பல் கிளம்புகிற ஊருக்குப் போக விமானம், இறங்கின ஊரிலிருந்து வர விமானம். ஆக, விமானத்துக்கு மாற்றாகப் போய் ரெண்டு விமானம் ஏறியிருப்பீர்கள். நடுவில் தொடுகிற ஒவ்வொரு நாட்டுக்கும் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றவே மாட்டார்கள். லீவு நிறைய இருக்கிற, ரிட்டயரான தம்பதிகளுக்கு நல்ல ஏற்பாடு. மகள் பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு இல்லை.

கே: விமானத்தைவிடக் கப்பல் காற்றை மாசுபடுத்தாது என்கிறான் என் பேரன். சரியா?
– வாசகர், மதுரை

பாதி சரி. அக்கரைக்குப் போய் வருகிற ‘ஃபெரி’க் கப்பலில் கையில் பையோடு ஏறுகிற பயணிக்குப் பொதுவாக விமானத்தைவிடப் புகைக்கணக்கு நன்றாகவே குறைவு. நீச்சல்குளமும் சூதாட்ட விடுதியும் சுமந்து போகிற சொகுசுக் கப்பல் பல நேரம் விமானத்தையே மிஞ்சிவிடும். பேரன் எந்தக் கப்பலைச் சொன்னான் என்று கேளுங்கள்.

கே: இதுவரை கடலில் போனதே இல்லை. கடல் ஒத்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஈரோடு

சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பாஸ்போர்ட் வேண்டாம், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், ரெண்டரை நாளிலிருந்து மூன்று நாள் ஆகும். மாதத்துக்குச் சில முறைதான் கப்பல், கிளம்பும் தேதி கடைசி நேரத்தில்தான் தெரியும். ‘பங்க்’ வகுப்பில் போனால் விமானத்தைவிட நிச்சயம் மலிவு, அறை எடுத்தால் சில நாள் விமானமே மலிவாக இருக்கும்.

நான் பங்க்கில்தான் போனேன். கீழ்த்தளத்தில் ரெண்டடுக்குக் கட்டில்கள், ஜன்னல் கிடையாது, டீசல் வாசமும் கேன்டீன் சாம்பார் வாசமும் கலந்து ஒரு வாசம். முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. தலையைத் தூக்கினால் குமட்டல், படுத்தால் கட்டில் மெதுவாக மேலே போய்க் கீழே வருகிறது. எதிர்க் கட்டிலில் ஒரு ராமநாதபுரத்துப் பெரியவர், அந்தமானில் கடை வைத்திருக்கிறவர், பல தடவை போய் வந்தவர். “தம்பி, கீழே கிடந்தா செத்துப்போயிருவீங்க, மேலே வாங்க” என்று கையைப் பிடித்து டெக்குக்குக் கூட்டிப்போனார். கம்பியெல்லாம் உப்புப் படிந்து கை பிசுபிசுத்தது. கப்பலின் நடுப்பக்கமாக உட்கார வைத்து, தூரத்தில் கடலும் வானமும் தொடுகிற கோட்டையே பார்க்கச் சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு உப்பு நார்த்தங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டார். அரை மணி நேரத்தில் மனுஷனானேன்.

மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கின பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறு வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம். நார்த்தங்காய் வீட்டில் இல்லாவிட்டால் எலுமிச்சை ஊறுகாய் போதும், ஆனால் மூடி இறுக்கமான டப்பாவாகப் பாருங்கள். என் பையில் கொட்டிய எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.